ஒற்றைக் கரண்டிக் காற்று

ஜனவரி 3

ஆக்சிஜன் மெஷின் வந்துவிட்டது. பீரோவில் பாதி உயரம், அடியில் சக்கரம், மாவு மில் போல ஓயாத சத்தம். சிலிண்டர் கிடையாது. அறைக் காற்றையே உறிஞ்சி, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்குக் கொடுக்கிறது.

"நம்மூட்டுக் காத்தப் புடிச்சு நமக்கே குடுக்குது. இதுக்கு ஒரு மெஷினு, அதுக்கு ஒரு பிளக்கு" என்றார் என் வீட்டுக்காரர் சென்னியப்பன். முப்பது வருடம் நூல் மில்லில் பஞ்சு அடிக்கும் இடத்தில் நின்றவர். பஞ்சுத் தூசியும் பீடியும் அவருடைய நுரையீரலை ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டன. வாயை மட்டும் இரண்டும் ஒன்றும் செய்யவில்லை.

மெஷினின் முகப்பில் ஒரு கண்ணாடிக் குழாய். அதற்குள் கருப்பு மணி போல ஒரு குட்டிப் பந்து மிதக்கிறது. திருகைத் திருப்பினால் பந்து ஏறும், இறங்கும். கோவை ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் புறப்படும்போதே டாக்டர் ஜெசிந்தா சொல்லிவிட்டார். "ஒன்னுல வைங்கம்மா. விரல்ல மாட்டற கருவி தொண்ணூறு காட்டினா இவருக்குப் போதும். அதுக்கு மேல ஆசைப்படாதீங்க."

போதும் என்ற வார்த்தை எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. சூலூர் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அங்கே எந்தப் பிள்ளையும் போதும் என்று சொல்லிக் கேட்டதில்லை.

ஜனவரி 4

காப்பியில் சண்டை. நேற்று சர்க்கரை அதிகம், இன்று குறைவு. இரண்டு நாளும் ஒரே கரண்டிதான் போட்டேன் என்றால், "அப்பக் கரண்டியத்தான் மாத்தோணும்" என்கிறார்.

பேப்பர் வந்ததும் அதோடு சண்டை. தலையங்கத்தைச் சத்தமாக வாசித்து, வரிக்கு வரி மறுப்பு. நடுவில் மூச்சு வாங்க நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து மறுபடி. நான் கிழக்கு என்றால் அவர் மேற்கு. கல்யாணத்தன்றே ஐயர் வலது காலை எடுத்து வை என்றதற்கு ஏன் என்று கேட்டவர்.

விரல் கருவி: எண்பத்தொன்பது.

ஜனவரி 6

மாடிப்படி பக்கம் போனாலே உதடு கறுக்கிறது. குளித்துவிட்டு வந்தால் கால் மணி நேரம் பேச்சில்லை. பார்க்கச் சகிக்கவில்லை.

அந்த ஒன்று என்பதுதான் காலையிலிருந்து என்னை உறுத்துகிறது. யாருக்குமே ஒற்றைக் கரண்டி போடக் கூடாது. முதல் கரண்டி சோறு போட்ட கையோடு, வேண்டாம் என்றாலும் ஒரு பருக்கையாவது இரண்டாவது தடவை போட வேண்டும். ஒரே ஒரு தடவை போடுவது செத்தவர்களுக்குப் படைக்கிற இலையில். என் சத்துணவுக் கூடத்தில் சமையல்கார அம்மாக்களுக்கு நான் சொன்ன முதல் பாடமே இதுதான். இத்தனை வருடம் ஊருக்கெல்லாம் இரண்டு போட்டுவிட்டு, கட்டின புருசனுக்கு மட்டும் ஒன்றோடு நிறுத்தினால் எப்படி?

பந்தை இரண்டில் வைத்தேன்.

ஜனவரி 8

தொண்ணூற்று நான்கு. முகத்தில் ரத்தம் ஓடுகிறது. கையைத் தொட்டால் கதகதப்பு. போன வாரம் ஐஸ் மாதிரி இருந்த கை.

டாக்டர்கள் எப்போதும் ஒரு படி குறைத்துத்தான் சொல்வார்கள். எவ்வளவு சொன்னாலும் நாம் அதற்கு மேல் ஒரு படி கூட்டித்தான் கொடுப்போம் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஜனவரி 9

இன்று சண்டை இல்லை.

ஜனவரி 12

பொங்கலுக்கு வீடு கழுவினேன். அவர் நாற்காலியிலேயே கண்ணயர்ந்திருந்தார். காலையில் தலைவலி என்றார், தைலம் தேய்த்துவிட்டேன். பேப்பர் மடியில் மடித்தபடியே கிடந்தது. தலையங்கம் தப்பித்தது.

இந்த வீட்டில் இவ்வளவு அமைதி எப்போது இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். காப்பி கொடுத்தேன், குடித்தார். எப்படி இருக்குங்க என்றேன். "நல்லாருக்கு" என்றார். நல்லாருக்கு என்று அந்த வாயால் கேட்க எனக்கு நாற்பது வருடம் ஆகியிருக்கிறது. அடுக்களையில் போய் நானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். சர்க்கரை போட மறந்திருக்கிறேன்.

மெஷினைத் துடைக்கும்போது பந்து இரண்டைத் தாண்டி நின்றது. துணி பட்டுத் திருகு நகர்ந்திருக்கும். நான் இறக்கவில்லை.

ஜனவரி 15

மகள் வளர்மதி திருப்பூரிலிருந்து மாப்பிள்ளையோடு வந்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு மெதுவாக ஆரம்பித்தாள். "அப்பா, நீங்க ரெண்டு பேரும் அங்கயே வந்துருங்கப்பா. ஆஸ்பத்திரி பக்கம்." மூன்று வருடமாகக் கேட்கிறாள். கேட்கும்போதெல்லாம் அவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போவார்.

"செரி" என்றார்.

வளர்மதி என்னைப் பார்த்தாள். மாப்பிள்ளை கரும்பு கடிப்பதை நிறுத்திவிட்டார். அவ்வளவுதான், ஒரு சொல். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது.

பாத்திரம் கழுவும்போது வளர்மதி சொன்னாள். "அப்பா என்னமோ மாதிரி இருக்கறாரும்மா. சிரிச்சுட்டே இருக்கறாரு. எதைக் கேட்டாலும் செரிங்கறாரு."

"வயசானா அடங்கத்தான் செய்வாங்க. நீ எப்பவும் அவரு சத்தம் போட்டே பாத்துருக்கே, அதான் உனக்கு ஒரு மாதிரியா இருக்குது."

"கை நடுங்குதேம்மா."

"பொங்கச் சோத்து மயக்கம்."

புறப்படும்போது அவர் என்னைப் பார்த்து, "பூவாத்தா, புள்ளைக்குப் பண்டம் கட்டிக் குடு" என்றார். பூவாத்தாள் அவருடைய அக்கா, காலமாகி வெகுநாள் ஆகிறது. நல்ல நாளில் உடன்பிறப்பு நினைவு வருவது சகஜந்தானே.

ஜனவரி 17

சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, பட்டனைத் தேடிக்கொண்டு நின்றார். நான் போட்டுவிட்டேன். கோபப்படாமல் குழந்தை போல நின்றார்.

தொண்ணூற்றேழு. இந்த மார்க்கு எங்கள் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு முடிய யாரும் வாங்கியதில்லை.

ஜனவரி 18

எழுப்பினேன், எழவில்லை.

ஜனவரி 19

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது.

நேற்று நூற்றெட்டு வண்டி வந்தபோது மெஷினை அணைத்துவிட்டுத்தான் அவரைத் தூக்கினோம். பந்து கீழே விழுந்து படுத்துக்கொண்டது. இங்கே வந்ததும் முகத்தை இறுக்கிப் பிடிக்கும் முகமூடி ஒன்றைப் போட்டார்கள். அது காற்றை உள்ளே தள்ளித் தள்ளி விடுகிறது. மணிக்கட்டில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கரியமில வாயு கூடிப்போய்க் கிடக்கிறதாம்.

டாக்டர் ஜெசிந்தா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வீட்ல ஆக்சிஜன் ஒன்னுலதான் இருந்துச்சாம்மா?"

"ஒன்னுலதாங்க."

"சில வீடுகள்ல நல்லதுன்னு நினைச்சு ஏத்திடுவாங்க. இவங்க மாதிரி ஆளுங்களுக்கு அது ஆகாது. கெட்ட காத்தை வெளிய தள்றதே இவங்களுக்குக் கஷ்டம். ஆக்சிஜனை அதிகமாக் குடுத்தா அது இன்னும் உள்ளயே தங்கிடும். அதனாலதான் கேட்டேன்."

"இல்லீங்க. சொன்ன அளவுதான்."

டாக்டர் சீட்டில் எதையோ எழுதிக்கொண்டு போனார்.

ஜனவரி 21

கண் திறந்தார். தண்ணீர் கேட்டார். மாரியாத்தாளுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு டாக்டர் வந்து எனக்கும் வளர்மதிக்கும் சேர்த்துச் சொன்னார். "ஒரு லிட்டர் ஆக்சிஜனுக்கே இப்படி ஆயிருக்குன்னா நோய் நாங்க நினைச்சதை விட முத்திடுச்சுன்னு அர்த்தம். வீட்லயும் இந்த முகமூடி வேண்டியிருக்கும். அடுத்த தடவை தொண்டையில குழாய் போடற நிலைமை வந்தா என்ன முடிவுன்னு நீங்க குடும்பமா பேசி வைக்கணும்."

வளர்மதி வாயில் துப்பட்டாவை வைத்துக்கொண்டு அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். சொல்ல வேண்டியது நாக்கு நுனி வரை வந்தது. பெற்ற பெண் முன்னால் எப்படிச் சொல்வது? நாளைக்குத் தனியாக டாக்டரைப் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஜனவரி 22

டாக்டர் தனியாகத்தான் வந்தார். உப்புக் கம்மியாகப் போட்ட கஞ்சி கொடுக்கலாமா என்று கேட்டேன். கொடுக்கலாம் என்றார்.

ஜனவரி 23

இர்ஃபான் என்று ஒரு இளம் டாக்டர் வந்தார். ஆராய்ச்சி செய்கிறாராம். ரத்தத்தில் கரியமில வாயு கூடினால் மூளை என்ன ஆகிறது என்று ஸ்கேனில் பார்க்கிறார்கள். நோயாளிகளைப் பார்ப்பது போல, அதே வயதில் நுரையீரல் நன்றாக இருப்பவர்களையும் பார்க்க வேண்டுமாம். கூட வந்தவர்களைக் கேட்டுக்கொண்டு திரிகிறார். நான் இருக்கிறேனே, பஞ்சும் பீடியும் படாத ஆள்.

"என்ன செய்யோணுங்க தம்பி?"

"ஒன்னும் செய்யக் கூடாதும்மா. சும்மா படுத்திருக்கணும். கொஞ்ச நேரம் சாதாரணக் காத்து, கொஞ்ச நேரம் கரியமில வாயு லேசாக் கலந்த காத்து. பக்கத்துல நாங்க இருப்போம். பிடிக்கலைன்னா உடனே நிறுத்திடலாம்."

சும்மா படுத்திருக்கிறவர் மூளையில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். அந்தப் பிள்ளைக்கு முகம் மலர்ந்துவிட்டது. யாரும் கேட்பதில்லை போல.

"நாம சும்மா இருக்கறப்பவும் மூளை சும்மா இருக்காதும்மா. நெத்திக்குப் பின்னால இருக்கற எடமும் பிடரிப் பக்கம் இருக்கற எடமும் ஒன்னுக்கொன்னு ஒத்துப்போய் ஏறி இறங்கிட்டே இருக்கும். தூர தூரமா இருந்தாலும் ஒரு சேர்க்கை. நம்ம நினைப்பு, ஞாபகம், நாம யாருங்கறது, எல்லாத்துக்கும் அந்தச் சேர்க்கை வேணும்னு சொல்றாங்க. கரியமில வாயு கூடினா அது தளர்ற மாதிரி தெரியுது. எங்க தளருது, எவ்வளவுன்னுதான் பாக்கறோம்."

"தளந்தா ஆளு எப்படி இருப்பாங்க?"

"ரொம்பக் கூடினா அமைதியாயிடுவாங்க. எதைக் கேட்டாலும் சரின்னு சொல்வாங்க. பாக்கறவங்களுக்கு நிம்மதியா இருக்கற மாதிரிதான் தெரியும்."

அவர் போன பிறகு என் சாப்பாட்டுக் கூடம் ஞாபகம் வந்தது. பிள்ளைகள் சாப்பிட்டு முடித்து மணி அடிக்கும் வரை சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம். வரிசைக்கு வரிசை கதையும் நாயமும் பேசுகிற சத்தத்தில் கூரை தெறிக்கும். ஒரு வரிசையில் சத்தம் இல்லையென்றால் நான் நேரே அங்கேதான் போவேன், நெற்றியைத் தொட்டுப் பார்க்க. சத்தம் அடங்கினால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று ஊரார் பிள்ளைகளிடம் தெரிந்துவைத்திருந்த நான், என் வீட்டில் சத்தம் அடங்கியபோது மாவாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டேன்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வளர்மதிக்குப் பிடிக்கவில்லை. அவரிடம் சொன்னதற்கு, முகமூடியைத் தூக்கிக்கொண்டு, "உம்மூளையப் படம் புடிக்கறாங்களாமா? பாவம், பிலிமு பத்தாது" என்றார். முழு வாக்கியம். எத்தனை நாள் ஆகிவிட்டது.

ஜனவரி 27

நிதானமாக எழுத வேண்டும்.

தோடு, மூக்குத்தி, தாலிக்கொடி எல்லாவற்றையும் கழற்றி வளர்மதியிடம் கொடுத்தேன். மஞ்சள் கயிறு மட்டும் கழுத்தில். குழாய் போன்ற மெஷினுக்குள் தள்ளினார்கள். முகத்தில் முகமூடி. கையில் ஒரு ரப்பர் பந்து கொடுத்து, முடியவில்லை என்றால் அழுத்துங்கள் என்றார்கள். எதிரே கண்ணாடியில் ஒரு கூட்டல் குறி. அதைப் பார்த்தபடி படுத்திருக்க வேண்டும், தூங்கக் கூடாது, எதையும் குறிப்பாக யோசிக்கக் கூடாது. யோசிக்காமல் எப்படி இருப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து எனக்கு அந்த வேலையை யாரும் கொடுத்ததில்லை.

மெஷின் டக டகவென்று இடித்தது. முதலில் மனசு தன்பாட்டுக்கு ஓடியது. மாவிளக்குக்கு அரிசி ஊறப்போட வேண்டும், அரிசி என்றதும் ஸ்டோர் ரூம் சாவி, சாவி என்றதும் அதைத் தொலைத்த சமையல்கார அம்மா, அவள் மகள் கல்யாணம், கல்யாணத்தில் இவர் பந்தியில் ரசம் சரியில்லை என்று சமையல்காரரைக் கூப்பிட்டது. ஒன்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தது. சுகமாகத்தான் இருந்தது.

எப்போது காற்றை மாற்றினார்கள் என்று தெரியாது. முகம் சூடாயிற்று. நெஞ்சு தானாகப் பெரிது பெரிதாக மூச்சு வாங்கியது, வாங்கியது பற்றவில்லை. தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி ஒரு பாரம். அரிசி என்று நினைத்தேன். அரிசி வந்து நின்றது, அதோடு வேறு எதுவும் வரவில்லை. சாவி என்று நினைத்தேன். சாவி தனியாக நின்றது. கல்யாணம் ஒன்று நினைவிருந்தது, யாருடையது என்று தேட அலுப்பாக இருந்தது. அந்த நேரம் யாராவது உன் வீட்டை எழுதிக் கொடுத்துவிடு என்று கேட்டிருந்தால் செரி என்று சொல்லியிருப்பேன். சம்மதித்து அல்ல. பதில் சொல்லி முடித்தால் போதும் என்று.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அடுக்களையில் நான் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது அவர் இதற்குள்தான் உட்கார்ந்திருந்தார். எனக்குச் சில நிமிஷம். அவருக்குப் பொங்கலுக்கு முன்னால் தொடங்கி, பொங்கல் கழிந்தும் விடவில்லை. என் கையில் அழுத்த ஒரு பந்து இருந்தது. அவருடைய பந்து என் கையில் இருந்தது.

அழுத்தவில்லை. முடியும் வரை கிடந்தேன்.

வெளியே எடுத்ததும் இர்ஃபான் தம்பி தண்ணீர் கொடுத்து, "நல்லா அசையாம இருந்தீங்கம்மா, கஷ்டமா இருந்துச்சா?" என்றார். டாக்டர் ஜெசிந்தாவைக் கூப்பிடுங்கள் என்றேன். பயந்துபோய் ஓடினார்.

தோடு கூடப் போட்டுக்கொள்ளாமல், வளர்மதி பக்கத்தில் நிற்கும்போதே சொல்லிவிட்டேன். "ஒன்னுல இல்லீங்க டாக்டர். ரெண்டுல வெச்சேன். அப்புறம் மூணுக்கும் போயிருச்சு, தெரிஞ்சேதான் உட்டேன். அன்னிக்கு நீங்க கேட்டப்பப் பொய் சொன்னேன்."

திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாம்மா? அப்ப நோய் முத்தலை. அளவுதான் முத்திடுச்சு" என்றார். பிறகு, "ஏன் ரெண்டு?" என்று கேட்டார். ஒற்றைக் கரண்டி சமாச்சாரத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "எங்க வீட்லயும் அப்படித்தான்" என்றார். இனி ஆக்சிஜன் கொடுத்தனுப்பும்போது எல்லா வீட்டாரிடமும் இதைச் சேர்த்துச் சொல்லப் போவதாக இர்ஃபானிடம் சொல்லிக்கொண்டே போனார்.

வளர்மதி என் தோட்டை மாட்டிவிட்டாள். மாட்டி முடித்துக் கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டாள்.

பிறகு அவரிடம் போனேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பந்தை ஏற்றினது நான்தான் என்றேன்.

"தெரியும் புள்ள."

"தெரியுமா?"

"பந்து மேல போனதப் பாத்தேன். உங்கிட்டக் கேக்கோணும்னு நெனச்சேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "என்ன கேக்கோணும்கறது வரல. பந்து தெரியுது, நீ தெரியறே. ரெண்டையும் சேக்க முடியல. போச்சாது, போனாப் போகுதுன்னு உட்டுட்டேன்."

நான் அழுதேன். நன்றாக, சத்தமாக அழுதேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் பார்த்தார்கள். எதற்கெடுத்தாலும் என்னை மறுத்துப் பேசின மனுசன், மறுத்தே ஆக வேண்டிய ஒரு விஷயத்தில் வாய் வராமல் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். அதை நான் நிம்மதி என்று எழுதிவைத்தேன்.

"அழுவாத" என்றார். "மூக்குச் சளியெல்லாம் என் போர்வைல."

ஜனவரி 31

வீட்டுக்கு வந்தோம். முகமூடி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார் டாக்டர். மெஷின் மட்டும், ஒன்றில்.

கண்ணாடிக் குழாயில் ஒன்று என்ற கோட்டுக்குப் பக்கத்தில் என் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டினேன். பந்து அதற்கு நேராக நின்றது. மெஷினுக்கு நெற்றி வந்துவிட்டது.

விரல் கருவி: எண்பத்தொன்பது. அப்படியே இருக்கட்டும். உதடு கொஞ்சம் கறுத்தது. அதைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் இனி என் வேலை. இதைவிட அண்டா கழுவுவது சுலபம்.

மத்தியானம் சோறு போட்டேன். ஒரு கரண்டி போட்டுவிட்டுக் கை தயங்கி நின்றது.

நிமிர்ந்து பார்த்தார். "ஏன், நான் செத்துட்டனா?"

"இல்லீங்க."

"அப்பறம் போடு. சோத்துக்கு ரெண்டு, காத்துக்கு ஒன்னு. இது கூடவா ஒருத்தரு சொல்லித் தரோணும்?"

போட்டேன். சாம்பாரில் உப்பு இல்லை என்றார். இருந்தது.

பிப்ரவரி 2

வளர்மதி போன் செய்தாள். திருப்பூரில் பக்கத்துத் தெருவிலேயே கீழ்த்தள வீடு பார்த்திருக்கிறாளாம். அப்பாதான் பொங்கலன்று சம்மதித்துவிட்டாரே, மாசி பிறந்ததும் பால் காய்ச்சிவிடலாமா என்று கேட்கச் சொன்னாள். எனக்கும் அங்கே போக ஆசைதான். படி ஏற வேண்டியதில்லை. பேத்தி பக்கத்தில் இருப்பாள்.

பேப்பரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

"திருப்பூரா? யாரு ஒத்துக்கிட்டா?"

"நீங்கதான். செரின்னீங்க. மாப்பிள்ளை முன்னால."

"நானா? செரின்னனா? எஞ்சென்மத்துல நான் செரின்னு சொல்லி நீ கேட்டுருக்கறயா?" துண்டை உதறினார். எழுந்து போக மூக்குக் குழாய் இடம் கொடுக்கவில்லை, மறுபடி உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே திருப்பூர்த் தண்ணீர், திருப்பூர்ப் புழுதி, மாப்பிள்ளையின் ஸ்கூட்டர் என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார். இடையில் மூச்சு நின்றது. நான் மெஷினைப் பார்த்தேன். பந்து பொட்டுக்கு நேராகவே இருந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். மூச்சு வந்தது. ஸ்கூட்டரில் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்.

வளர்மதிக்குப் போன் போட்டு, அப்பா முடியாதுங்கறாரு என்று சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அழுகிறாளோ என்று பயந்துவிட்டேன்.

"முடியாதுன்னாராம்மா?" என்று கேட்டாள். "அவரே சொன்னாரா? எங்க, போனை அவருகிட்டக் குடு. அந்த முடியாதுங்கறத நானும் ஒருக்கா என் காதுல கேக்கறேன்."